செவ்வாய்க்கிழமை காலை பதினொரு மணி

கேள்வி: எட்டு மாதங்களுக்கு முன்பு என் கணவரின் வேலைக்காக நாங்கள் வேறு நாட்டுக்குக் குடிவந்தோம். அவர் ரயிலில் அலுவலகம் போய்விடுகிறார். நான் நான்கு வயது மகளுடன் பகல் முழுவதும் வீட்டில் இருக்கிறேன். எங்களிடம் கார் இல்லை. வீட்டருகே பேருந்து நிறுத்தம் இருக்கிறது. ஆனால் அரைமணிக்கு ஒரு வண்டி, ஞாயிற்றுக்கிழமை ஒரு மணி நேரத்துக்கு ஒரு வண்டி. பேருந்தில் ஏறினால் மகளுக்குக் குமட்டல் வேறு. தெரிந்தவர்கள் அவ்வப்போது தங்கள் காரில் அழைத்துப்போகிறார்கள். ஒவ்வொரு முறையும் கூனிக்குறுகிப் போகிறேன். 'இந்த நாட்டில் கார் இல்லாமல் வாழவே முடியாது' என்று எல்லோரும் சொல்கிறார்கள். கடன் வாங்கியாவது கார் எடுத்துவிடலாம் என்கிறார் கணவர். அவருக்கு ஓட்டத் தெரியும், எனக்குத் தெரியாது. எனக்குக் கடன் என்றாலே பயம். நான்கு மாதத்தில் வீட்டு வாடகை ஒப்பந்தமும் முடிகிறது, அதையும் புதுப்பிக்க வேண்டும். நாங்கள் என்ன செய்வது?

— பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்: அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்த பிறகு, கார் வாங்கியாகிவிட்டது என்றே வைத்துக்கொண்டு ஒரு செவ்வாய்க்கிழமை காலை பதினொரு மணியைக் கற்பனை செய்து பார்த்தேன். உங்கள் கணவர் அதை ஓட்டிக்கொண்டு அலுவலகம் போயிருந்தால், நீங்களும் மகளும் இப்போது இருப்பதுபோலவே வீட்டில் இருப்பீர்கள். அவர் வழக்கம்போல ரயிலில் போயிருந்தால், கார் வாசலில் நிற்கும், ஓட்டத் தெரியாத நீங்கள் சன்னல் வழியே அதைப் பார்த்துக்கொண்டு இருப்பீர்கள். சனியும் ஞாயிறும் கட்டாயம் மாறும். அதை நான் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் உங்கள் கடிதத்தில் உள்ள வேதனையில் பெரும்பகுதி வார நாட்களின் பகற்பொழுதைப் பற்றியது. அதற்கு இந்தக் கார் மருந்தல்ல. கணவரிடம் பேசும்போது கடனைப் பற்றிய பயத்திலிருந்து தொடங்காமல் இந்தக் கேள்வியிலிருந்து தொடங்குங்கள்: வாங்கப்போகும் கார் யாருடைய எந்த நாளுக்காக?

'கார் இல்லாமல் வாழவே முடியாது' என்ற வாக்கியத்தையும் சற்றுப் பிரித்துப் பார்க்க வேண்டும். ஹாங்காங்கில் அன்றாடப் பயணங்களில் ஏறத்தாழ 90 விழுக்காடு பொதுப் போக்குவரத்தில்தான் நடக்கிறது. சிங்கப்பூரில் 1990 முதல், கார் வைத்திருக்கும் உரிமைக்கே ஏலத்தில் ஒரு சான்றிதழ் எடுக்க வேண்டும். அது பத்து ஆண்டுகளுக்குத்தான் செல்லும். ஜப்பானின் பெரும்பாலான பகுதிகளில், வண்டியை நிறுத்தச் சொந்தமாகவோ வாடகைக்கோ இடம் இருப்பதாகக் காட்டினால்தான் காரைப் பதிவு செய்ய முடியும். அந்தச் சட்டம் 1962-லேயே வந்துவிட்டது. அங்கெல்லாம் கோடிக்கணக்கானவர்கள் காரின்றி வேலைக்குப் போகிறார்கள், பிள்ளைகளை வளர்க்கிறார்கள். மறுபக்கம், வீடுகள் ஒரு மூலையிலும் கடைகள் இன்னொரு மூலையிலுமாக, இடையே நடைபாதைகூட இல்லாமல் கட்டப்பட்ட புறநகர்களும் பல நாடுகளில் இருக்கின்றன. அங்கே வசிப்பவர் அந்த வாக்கியத்தைச் சொன்னால் அவர் பொய் சொல்லவில்லை. அவர் சொல்வது தம் தெருவைப் பற்றி. நீங்கள் அதை நாட்டைப் பற்றியது என்று எடுத்துக்கொண்டீர்கள். ஒரே நகரத்தில், மூன்று கிலோமீட்டர் இடைவெளியில் இருக்கும் இரண்டு தெருக்களில், ஒன்றில் கார் சுமையாகவும் மற்றொன்றில் கைகால் போலவும் இருப்பது சாதாரணம்.

ஆகவே, உங்கள் கடிதத்தில் எனக்கு மிக முக்கியமாகப் பட்டது, போகிற போக்கில் நீங்கள் எழுதிய அந்தக் கடைசிச் செய்திதான். ஒப்பந்தம் நான்கு மாதத்தில் முடிகிறது. புதுப்பிக்காதீர்கள், அல்லது, புதுப்பிப்பதற்கு முன்பு இந்த நான்கு மாதத்தையும் வீடு தேடுவதற்குப் பயன்படுத்துங்கள். காருக்கான மாதத் தவணை, காப்பீடு, வரி, எரிபொருள், நிறுத்துமிடக் கட்டணம், பராமரிப்பு ஆகிய எல்லாவற்றையும் கூட்டி, அந்தத் தொகையில் ஒரு பகுதியை வாடகையில் சேர்த்தால் எந்தப் பகுதியில் எத்தகைய வீடு கிடைக்கும் என்று பாருங்கள். ஓர் அறை குறைவான வீடாக இருக்கலாம். பகலில் வெளியே போக முடிகிற உங்களுக்கு அந்த அறை அவ்வளவாகத் தேவைப்படாது என்பது என் கணிப்பு.

வீடு பார்ப்பதில் நான் பட்ட பாடு ஒன்றைச் சொல்கிறேன். நானும் அந்நிய மண்ணில் சில ஆண்டுகள் காரின்றி இருந்தவள்தான். முதல் வீட்டை வரைபடத்தைப் பார்த்தே முடிவு செய்தோம். பெரிய கடை முந்நூறு மீட்டரில் இருப்பதாக அது காட்டியது. குடிபோன அன்றைக்கே தெரிந்தது, அந்த முந்நூறு மீட்டருக்கு நடுவே ஆறு தட நெடுஞ்சாலை ஒன்று ஓடுகிறது என்பதும், அதைக் கடக்கும் சுரங்கப்பாதைக்குச் சுற்றிக்கொண்டு ஒரு கிலோமீட்டருக்கு மேல் நடக்க வேண்டும் என்பதும். சமையலறைச் சன்னலில் நின்றால் கடையின் பெயர்ப்பலகை தெரியும். பால் வாங்கி வர முக்கால் மணி நேரம் ஆகும். பையின் பிடி விரல்களில் பதித்த சிவப்புக் கோடுகளை அடுப்படியில் நின்று தேய்த்துக்கொண்டே அந்தப் பலகையைப் பார்த்துத் திட்டிய நாட்கள் பல. அதன்பிறகு எந்த வீட்டையும் நடந்து பார்க்காமல் நான் எடுத்ததில்லை. நீங்களும் வீட்டைப் பார்க்கப் போகும்போது தரகரின் காரில் போகாதீர்கள். பேருந்திலோ ரயிலிலோ மகளையும் அழைத்துக்கொண்டு போங்கள். அவளுடைய காலடியில் ஒரு கிலோமீட்டர் எவ்வளவு நீளம் என்பது அப்போது தெரிந்துவிடும். பெரியவர்கள் பன்னிரண்டு நிமிடத்தில் கடப்பதை நான்கு வயதுக் குழந்தை அரைமணி நேரமாக்குவாள், வழியில் பூனை ஒன்று இருந்தால் இன்னும் அதிகம்.

வீட்டு விளம்பரங்களில் 'நிறுத்தம் மிக அருகில்' என்று எழுதியிருப்பார்கள். அதற்கு மயங்க வேண்டாம். நிறுத்தத்தின் தூரத்தைவிட, வண்டி எத்தனை நிமிடத்துக்கு ஒன்று வருகிறது என்பதே உங்கள் வாழ்க்கையைத் தீர்மானிக்கும். உங்கள் இப்போதைய வீட்டையே எடுத்துக்கொள்ளுங்கள். அரைமணிக்கு ஒரு வண்டி என்றால், நேரம் பார்க்காமல் போகிறவர் சராசரியாகப் பதினைந்து நிமிடம் காத்திருப்பார். நேரம் பார்த்துப் போகிறவருக்கு அந்தக் காத்திருப்பு வேறு இடத்துக்கு நகருமே தவிர மறையாது: பல் மருத்துவரிடம் பத்து மணிக்குப் போக வேண்டும் என்றால், உங்கள் வண்டி உங்களை 9.35-க்கு இறக்கிவிடும், அல்லது 10.05-க்கு. வழியில் ஒரு முறை வண்டி மாற வேண்டியிருந்து, அந்த இரண்டாம் வண்டியும் அரைமணிக்கு ஒன்றாக இருந்துவிட்டால், முதல் வண்டி இரண்டு நிமிடம் தாமதிப்பது உங்கள் காலைப்பொழுதையே விழுங்கிவிடும். பத்து நிமிடத்துக்கு ஒன்று வரும் தடத்தில் இந்தக் கவலை எதுவும் இல்லை. நேரப்பட்டியலைப் பார்க்க வேண்டியதே இல்லை. ஆகவே, நிறுத்தத்துக்கு மூன்று நிமிட நடையும் அரைமணி வண்டியும் உள்ள வீட்டைவிட, பத்து நிமிட நடையும் பத்து நிமிட வண்டியும் உள்ள வீடு மேல் என்பேன். கட்டணம் இதில் இரண்டாம்பட்சம். லக்ஸம்பர்க் நாட்டில் 2020 முதல் நாடு முழுவதும் பேருந்து, டிராம், ரயிலின் இரண்டாம் வகுப்பு எல்லாமே இலவசம்; ஆனாலும் ஆள் விகிதத்தில் கார்கள் மிக அதிகமாக உள்ள ஐரோப்பிய நாடுகளில் அதுவும் ஒன்று.

இதையெல்லாம் வீட்டுக்குப் போகாமலேயே ஓரளவு சோதித்துவிடலாம். 2005-ல் அமெரிக்காவின் போர்ட்லாந்து நகரப் போக்குவரத்து நிறுவனமும் கூகுளும் சேர்ந்து நேரப்பட்டியல்களைக் கணினி படிக்கும்படியான ஒரே வடிவத்தில் வெளியிடத் தொடங்கியதன் பயனாக, இன்று உலகின் ஏராளமான நகரங்களின் பேருந்து நேரங்கள் கைப்பேசி வரைபடத்திலேயே கிடைக்கின்றன. பார்க்கும் வீட்டின் முகவரியிலிருந்து குழந்தைகள் மருத்துவர், மளிகைக் கடை, நூலகம், மகள் சேரப்போகும் பள்ளி, கணவரின் அலுவலகம் ஆகியவற்றுக்கு வழி கேளுங்கள். ஆனால் 'இப்போது புறப்பட்டால்' என்று கேட்காதீர்கள். செவ்வாய் காலை பதினொரு மணிக்கும், ஞாயிறு மாலை ஏழு மணிக்கும் புறப்படுவதாகக் கேளுங்கள். காலை எட்டு மணிக்கு எல்லாத் தடமும் நன்றாகத்தான் இருக்கும். அது அலுவலகம் போகிறவருக்காகப் போடப்பட்ட அட்டவணை. கடைசி வண்டி எத்தனை மணிக்கு என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

சைக்கிள் ஓட்டுவீர்களா என்று நீங்கள் எழுதவில்லை. தெரியாவிட்டால் கற்றுக்கொள்வதைப் பற்றி யோசியுங்கள். பல நகரங்களில் புதிதாக வந்த பெண்களுக்கென்றே இதைச் சொல்லித்தரும் வகுப்புகள் நடக்கின்றன. பதினைந்து நிமிடம் நடந்தால் ஒன்றேகால் கிலோமீட்டர் போகலாம்; அதே பதினைந்து நிமிடம் நிதானமாகச் சைக்கிள் மிதித்தால் நான்கு கிலோமீட்டருக்குச் சற்றுக் குறைவாகப் போகலாம். தூரம் மூன்று மடங்கு என்றால் வீட்டைச் சுற்றி எட்டக்கூடிய பரப்பு ஒன்பது மடங்கு. குழந்தையைப் பின்னால் உட்காரவைக்கும் இருக்கைக்கு வயது, எடை வரம்பும், தலைக்கவசத்துக்கு விதிமுறையும் நாட்டுக்கு நாடு மாறும். அதைக் கேட்டுத் தெரிந்துகொண்டு இறங்குங்கள். ஆனால் தனிப் பாதை இல்லாத, லாரிகள் விரையும் சாலையில் குழந்தையை வைத்துக்கொண்டு போகச் சொல்லி நான் ஒருக்காலும் எழுத மாட்டேன். கடைக்குப் போக, பெரிய சக்கரங்கள் உள்ள துணிப்பை வண்டி ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். சிறிய சக்கரம் வைத்தது முதல் கற்பாதையிலேயே அழும்.

இனி, நாளைக்கே தொடங்கக்கூடிய ஒரு வேலை. ஒரு சிறு நோட்டுப் புத்தகத்தில் நான்கு வாரங்களுக்கு நீங்கள் இருவரும் போன ஒவ்வொரு பயணத்தையும், அதைவிட முக்கியமாக, போக நினைத்துப் போகாமல் விட்ட ஒவ்வொரு பயணத்தையும் எழுதுங்கள். நாள், நேரம், எங்கே, எப்படிப் போனோம், ஏன் போகவில்லை, அவ்வளவு போதும். 'புதன், 10.30, நூலகத்தில் கதை நேரம், வண்டி தவறிவிட்டது, திரும்பிவிட்டோம்' என்பதுபோல. மாத இறுதியில் போகாத பயணங்களை மட்டும் தனியே எடுத்துப் பாருங்கள். அவற்றில் எத்தனை வீடு மாறினால் தீரும், எத்தனைக்கு ஒரு டாக்சி போதும், எத்தனைக்கு நிஜமாகவே உங்கள் கையில் கார் இருந்திருக்க வேண்டும் என்று பிரியுங்கள். பலருடைய கணக்கில் மூன்றாம் வகை மாதத்துக்கு இரண்டு மூன்றோடு நின்றுவிடும்; அதற்குக் காரை வாடகைக்கு எடுக்கலாம், அல்லது மணிக்கணக்கில் பகிர்ந்துகொள்ளும் திட்டத்தில் சேரலாம். சுவிட்சர்லாந்தில் 1987-ல் தொடங்கிய இரண்டு சிறு கூட்டுறவுகள் 1997-ல் ஒன்றிணைந்து, நாடெங்கும் உறுப்பினர்கள் காரை மணிக்கணக்கில் எடுத்து ஓட்டும் நிறுவனமாக வளர்ந்தன. இன்று இதுபோன்ற திட்டங்கள் பல நாடுகளில் உள்ளன. டாக்சியைப் பற்றியும் ஒரு வார்த்தை. மாதாமாதம் பெருந்தொகையைத் தவணையாகக் கட்டுவதைச் சிக்கனம் என்றும், மாதம் நான்கு முறை டாக்சி ஏறுவதை ஊதாரித்தனம் என்றும் நினைக்கும் மனக்கணக்கு நம்மில் நிறையப் பேருக்கு இருக்கிறது. தவணைப் பணத்தில் கால்பங்கை எடுத்து 'டாக்சி' என்று எழுதிய உறையில் போடுங்கள், கூச்சமின்றிச் செலவழியுங்கள். குழந்தைக்கு நள்ளிரவில் காய்ச்சல் வரும் அன்று யாருக்குத் தொலைபேசுவது என்ற பதற்றம் அந்த உறையால் பாதி குறையும். மீதிப் பாதிக்கு, அவசர ஊர்தியின் எண்ணையும், அவசரமல்லாத மருத்துவ ஆலோசனைக்கு அந்த நாட்டில் தனி எண் இருந்தால் அதையும் குளிர்பதனப் பெட்டியின் கதவில் ஒட்டிவையுங்கள்.

கார் வாங்கினாலும் வாங்காவிட்டாலும் ஓட்டுநர் உரிமம் வாங்கிவிடுங்கள், இருவருமே. இதில் நான் பிடிவாதக்காரி. உங்கள் கணவர் தம்மிடம் உரிமம் இருப்பதாக நினைத்துக்கொண்டிருப்பார். அது இன்னும் செல்லுமா என்று முதலில் பார்க்கச் சொல்லுங்கள். பன்னாட்டு ஓட்டுநர் அனுமதி என்பது தனி உரிமம் அல்ல, சொந்த நாட்டு உரிமத்தின் மொழிபெயர்ப்புப் போன்றது. 1949-ஆம் ஆண்டு ஜெனீவா உடன்படிக்கையின்படி வழங்கப்பட்டது ஓராண்டுக்குச் செல்லும், 1968-ஆம் ஆண்டு வியன்னா உடன்படிக்கையின்படி வழங்கப்பட்டது அதிகம் போனால் மூன்றாண்டுக்கு. இவை வந்துபோகிறவர்களை மனத்தில் வைத்து எழுதப்பட்டவை. குடியேறியவர் குறிப்பிட்ட காலத்துக்குள் உள்ளூர் உரிமத்துக்கு மாறியாக வேண்டும் என்பதே பல நாடுகளின் சட்டம். சில நாடுகள் ஆறு மாதம், சில ஓராண்டு அவகாசம் தருகின்றன. உங்களுக்கு எட்டு மாதம் ஆகிவிட்டது. காலங்கடந்த உரிமத்தோடு ஓட்டினால், விபத்து நேரும்போது காப்பீடு கைவிட்டுவிடக் கூடும். நீங்களோ புதிதாகக் கற்க வேண்டியவர். இன்றே தொடங்குவதற்கு இன்னொரு காரணமும் உண்டு. வாடகைக் கார் நிறுவனங்களும் பகிர்வுத் திட்டங்களும் பெரும்பாலும் உரிமம் பெற்றுக் குறைந்தது ஓராண்டாவது ஆகியிருக்க வேண்டும் என்று கேட்கும். இப்போது தேர்ச்சி பெற்றால்தான் தேவைப்படும் காலத்தில் அது கைகொடுக்கும்.

பிறர் காரில் ஏறும்போது வரும் கூச்சத்தைப் பற்றி எழுதியிருந்தீர்கள். கூச்சம் முழுதும் போகாது. ஆனால் அதில் பாதி, கேட்கும் முறையால் வருவது. 'எங்களைக் கூட்டிப்போக முடியுமா' என்று கேட்டால் அவர் மறுக்க முடியாமல் தவிப்பார். 'நீங்கள் அந்த வழியாகப் போவதாக இருந்தால் ரயில் நிலையத்தில் நிற்கிறோம், இல்லாவிட்டாலும் எங்களுக்கு வண்டி இருக்கிறது' என்று சொன்னால் இருவருக்கும் மூச்சு விட இடம் கிடைக்கும். வீட்டு வாசலுக்கு வரவழைக்காமல், அவருக்குத் திரும்ப வேண்டியிராத முனையில் ஐந்து நிமிடம் முன்னதாகவே போய் நில்லுங்கள். எப்படித் திரும்பப் போகிறீர்கள் என்பதையும் போகும்போதே பேசி முடித்துவிடுங்கள். விருந்தின் நடுவே 'கிளம்பலாமா' என்று முகத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பதுதான் இந்த ஏற்பாட்டிலேயே மிகவும் சங்கடமான கட்டம். ஒரு மாலை அவர்களுடைய பிள்ளைகளை நீங்கள் பார்த்துக்கொண்டால் கணக்கு நேராகிவிடும். ஒன்றில் மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள். மகளின் உயரத்துக்கும் எடைக்கும் ஏற்ற, எடுத்துச்செல்லக்கூடிய குழந்தை இருக்கை ஒன்றை நீங்களே வாங்கி வைத்துக்கொண்டு ஒவ்வொரு முறையும் கொண்டுபோங்கள். 'பக்கத்தில்தானே, மடியில் வைத்துக்கொள்ளுங்கள்' என்று யாராவது சொன்னால் ஏறாதீர்கள். சில நாடுகளில் டாக்சிக்கு இந்த விதியிலிருந்து விலக்கு உண்டு. விலக்கு சட்டத்துக்குத்தான், திடீரென்று பிரேக் போடும்போது குழந்தையின் உடம்புக்கு அல்ல.

நோட்டுப் புத்தகம் காரைத்தான் கேட்கிறது என்றால் வாங்குங்கள். கணவரின் வேலை வண்டி ஓடாத நேரத்துக்கு மாறினாலோ, வீட்டில் நடக்க இயலாதவர் ஒருவர் வந்து சேர்ந்தாலோ, எட்டக்கூடிய வாடகையில் நல்ல தடத்தில் வீடே கிடைக்காவிட்டாலோ, பிடிவாதம் பிடிப்பதில் பொருளில்லை. அப்போதும் நீண்ட காலக் கடனில் புதுக் கார் வேண்டாம். புதுக் காரின் மதிப்பு மிக வேகமாகக் குறைவது முதல் ஆண்டில்தான். சிறிய, பழைய கார் ஒன்றை, தெரிந்த மெக்கானிக்கிடம் காட்டிவிட்டு எடுங்கள். வாங்குவதற்கு முன்பே காப்பீட்டுத் தொகையைக் கேட்டுவிடுங்கள். பல நாடுகளில் நீங்கள் வேறு நாட்டில் எத்தனை ஆண்டு விபத்தில்லாமல் ஓட்டியிருந்தாலும் அதைக் கணக்கில் எடுக்க மாட்டார்கள். உள்ளூர் அனுபவம் இல்லாதவர் என்று புதிய ஓட்டுநருக்குரிய தொகையைக் கேட்பார்கள். அந்த எண்ணைக் கேட்டதும் உங்கள் கணவரே நோட்டுப் புத்தகத்தை இன்னொரு மாதம் எழுதலாம் என்று சொல்லக்கூடும்.

மகளின் குமட்டலை மறந்துவிடவில்லை. இரண்டு வயதிலிருந்து பன்னிரண்டு வரை உள்ள பிள்ளைகளுக்கு இது அதிகம் வரும். பெரும்பாலும் வளர வளரக் குறையும். கார் வாங்கினால் இது தீர்ந்துவிடும் என்று எண்ண வேண்டாம், காரின் பின்னிருக்கையில் முன்னே எதுவும் தெரியாமல் உட்காரும் குழந்தைக்கு இன்னும் மோசமாகவே வரலாம். பேருந்தில் கடைசி வரிசையைத் தவிர்த்து, முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் இடைப்பட்ட, முன்னோக்கிய சன்னல் இருக்கையில் அமருங்கள். அங்கேதான் குலுக்கல் குறைவு. கைப்பேசியும் படப்புத்தகமும் பையிலேயே இருக்கட்டும். தூரத்தில் தெரியும் கோபுரத்தையோ மரத்தையோ காட்டி, அது எப்போது பக்கத்தில் வரும் என்று கேட்டுக்கொண்டே வாருங்கள். வெறும் வயிறும் வேண்டாம், நிறைந்த வயிறும் வேண்டாம். பையில் ஓட்டையில்லாத இரண்டு பைகளும் ஒரு மாற்றுச் சட்டையும் இருக்கட்டும், உங்களுக்கும் சேர்த்து.